நடுவில் இருந்த மேடு

சன்னலோரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. எனக்கு வெளியே பார்ப்பதில் பெரிய ஆர்வம் இல்லை. வாழ்நாள் முழுதும் பேரண்டத்தைப் பற்றியே பேசித் தீர்த்தவனுக்குக் கோவில்பட்டிக் கரிசலில் புதிதாகப் பார்க்க என்ன இருந்துவிடப் போகிறது? நீங்களும் திருச்சிதானா? நல்லது. மணப்பாறை தாண்டும்வரை பேசலாம். மோட்டார் பம்பு வியாபாரம் என்றீர்கள். என் பெயர் பிரமநாயகம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியனாக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன்.

எதற்குத் திருச்சி என்று கேட்டீர்கள். கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டீர்கள். எனக்குப் பாராட்டு விழா. முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள்: என்னுடைய நேர்மைக்குப் பாராட்டு விழா. இயற்பியல் ஆசிரியர்கள் கூடிச் சால்வை போர்த்தப் போகிறார்கள். 'என் பிழையை நானே கண்டறிந்த விதம்' என்று தலைப்பும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். அறிவுக்காக ஒருவனைப் பாராட்டினால் அதைத் தாங்கிக்கொள்ளலாம், ஐயா. அடக்கத்துக்காகப் பாராட்டுகிறார்கள். அந்தக் குற்றத்தை இதுவரை என்மேல் யாரும் சாட்டியதில்லை.

நடந்ததை எங்கள் கல்லூரியில் பலவிதமாகச் சொல்கிறார்கள். பாடபேதங்கள் ஏராளம். கேன்டீன் பாடத்தில் நான் அழுதேன். அலுவலகப் பாடத்தில் நான் வெளியூர்த் தேர்வாளரோடு சண்டையிட்டுத் தண்ணீர்த் தம்ளரைத் தட்டிவிட்டேன். மதுரையில் வழங்கும் பாடத்தில், அதுதான் எல்லாவற்றிலும் மோசம், நான் எழுந்து நின்று என் மாணவியைக் கைகூப்பி வணங்கினேன். எல்லாப் பாடங்களும் இரண்டே இடங்களில் ஒத்துப்போகின்றன. தொடக்கத்தில் நான் நாற்காலியில் ஒரு கருத்தோடு உட்கார்ந்திருந்தேன். முடிவில் அதே நாற்காலியில் வேறொரு கருத்தோடு உட்கார்ந்திருந்தேன். நடுவில் நடந்ததற்குத்தான் ஆளுக்கொரு கதை. நீங்கள் மூலபாடத்தைக் கேட்கும் பேறு பெற்றவர்.

அதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். பயப்படாதீர்கள். ஒரு பள்ளம், அதில் ஒரு பந்து. பக்கத்தில் ஒரு மேடு. மேட்டுக்கு அப்பால் இன்னும் ஆழமான பள்ளம். பந்து அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? ஏற வேண்டும். உங்கள் பம்பு தண்ணீரை மேலே ஏற்றினால் மின்வாரியம் சும்மா விடுகிறதா? எங்கள் குவாண்டம் உலகில் அந்தத் தொல்லை இல்லை. ஏறாமலே பந்து மறுபக்கம் காணப்படலாம். ஊடுருவல் என்போம். அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட ஒரு தந்திரம் உண்டு. காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றிவிட்டால், கணக்கில் மேடு கவிழ்ந்து பள்ளமாகிவிடும். அதில் பந்தை ஜோராக உருட்டி விடலாம். அந்த உருளலுக்குத்தான் இன்ஸ்டன்டான் என்று பெயர். அது நடந்ததா என்றால், நடக்கவில்லை. எந்தக் கடிகாரத்திலும் அதற்கு நேரம் கிடையாது. ஆனால் கணக்கின் விடை மட்டும் சரியாக வரும்.

பந்துக்குப் பதிலாகப் பேரண்டத்தையே வைத்து, ஈர்ப்பையும் சேர்த்துக்கொண்டால் ஒரு விசித்திரமான விடை கிடைக்கிறது. அதில் எதுவும் உருளுவதில்லை. எல்லா இடத்திலும் எல்லாம் மேட்டின் உச்சியிலேயே அசையாமல் நிற்கிறது. அதிலிருந்து வரும் வாய்ப்பு, மேடு எவ்வளவு உயரம் என்பதை மட்டும்தான் பார்க்கும். எவ்வளவு அகலம், எவ்வளவு தூரம் என்று பார்க்காது. சூத்திரம் உலகத்தாருடையது. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் சண்டை. பேரண்டம் முழுவதும் ஒரே கணத்தில் எழுந்து உச்சியில் நின்றது என்று நான் பொருள் சொன்னேன். கட்டுரையாக எழுதினேன். தமிழ்நாட்டில் நான் இதைச் சொல்லாத நூலக அரங்கம் கிடையாது. "பேரண்டம் எழுந்து நின்றது!" என்று கையை உயர்த்துவேன். கூட்டமும் எழுந்து நிற்கும். சாத்தூரில் ஒரு பெரியவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இருபது ஆண்டு, ஐயா. மெய்சிலிர்க்கும்படி சொல்லப்பட்ட ஒன்று தவறாக இருக்க முடியுமா?

இந்த நிலையில்தான் ஜெசிந்தா என்று ஒரு பெண் என்னிடம் ஆய்வுக்குச் சேர்ந்தாள். உவரிக்காரி. தகப்பனார் மிக்கேல், படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். அமைதியான பெண். அமைதியான மாணவர்களை நம்பாதீர்கள், ஐயா. சத்தம் போடுகிறவன் கணக்குப் போட மாட்டான். இவள் வாயைத் திறக்காமல் ஐந்து ஆண்டு கணக்குப் போட்டாள். நான் என் அரங்கங்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வு முடிந்தது. பொது வாய்மொழித் தேர்வு வந்தது. உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். முனைவர் பட்டத்துக்குக் கடைசியாக மாணவர் எல்லோர் முன்னிலையிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். யார் வேண்டுமானாலும் என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே நெறியாளராகிய நாங்கள் ஒரு நல்ல மரபை வளர்த்து வைத்திருக்கிறோம். கூட்டத்தில் நமக்கு வேண்டிய ஒருவரிடம் முந்தின நாளே ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுவோம். அவர் அப்போதுதான் தோன்றியது போல நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்பார். மாணவர் அப்போதுதான் யோசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்வார். தேர்வாளர் தலையசைப்பார். பிறகு வடை.

நான் கேள்வியைக் கொடுத்தது ஆவுடையப்பனிடம். தாவரவியலில் ஓய்வு பெற்றவர். எந்தத் துறை வாய்மொழித் தேர்வானாலும் முதல் வரிசையில் இருப்பார், சிற்றுண்டி முடியும்வரை. "மேடு எவ்வளவு அகலமானாலும் வாய்ப்பு மாறாதா?" இவ்வளவுதான் கேள்வி. "மாறாது" என்பது பதில். பதிலைக் கேட்டு நான் புன்னகைப்பது என்றும் முடிவு செய்திருந்தேன்.

அன்று அவர் அழகாகக் கேட்டார். அவள் அழகாகப் பதில் சொன்னாள். நானும் புன்னகைத்துவிட்டேன். அதோடு உட்கார வேண்டிய மனிதர் உட்காரவில்லை, ஐயா. நிஜமாகவே நெற்றியைத் தடவினார். "எம்மா, எனக்கு ஒண்ணு வெளங்கல. நடுவுல இன்னொரு மேடு இருக்குன்னு வச்சுக்கோ. அங்கன தள்ளி இருக்க மேட்ட விட இது உசரம். அப்பமும் இதக் கண்டுக்கிடாம அங்கன போயி நின்னுருமாக்கும்?"

கொடுக்காத கேள்வி! நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் இலையை வைத்து வேறுபாடு சொல்லிப் பிழைத்த மனிதருக்குப் பேரண்டத்தில் என்ன வேலை? நான் இருமினேன். அவர் என்னைப் பார்த்து, "இரும்வே, பிள்ளை பதில் சொல்லட்டும்" என்றார்.

ஜெசிந்தா சொன்னாள்: "போகாது சார். சூத்திரத்த அப்படியே எடுத்தா போயிரும்னுதான் வரும். அதனால சூத்திரத்துக்கு நாம சொல்ற பொருள்தான் தப்புன்னு தெரியுது. பேரண்டம் மொத்தமும் தாவல. நம்ம கண்ணுக்கு எட்டுற அளவுல ஒரு துண்டு மட்டும்தான். விரியுற வெளிக்கு ஒரு சின்னச் சூடு இருக்கு. அந்தச் சூட்டுல நடுங்கி நடுங்கி, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் சறுக்கி, மறுபடி ஏறித்தான் உச்சிக்குப் போகுது. அதான் அகலம் கணக்குல வரல, உசரம் மட்டும் வருது. நடுவுல பெரிய மேடு இருந்தா அதையும் ஏறித்தான் ஆகணும். ஏறாம அந்தப் பக்கம் போக வழி கிடையாது."

"அப்படிச் சொல்லு" என்று உட்கார்ந்தார் ஆவுடையப்பன். ஏதோ அவருடைய வயிற்றுவலிக்கு மருந்து கிடைத்தது போல.

புனேயிலிருந்து வந்த தேர்வாளர் கேட்கர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் என் கட்டுரையைப் படித்தவர். படிக்கிறவர்களால்தான் ஐயா எல்லாத் தொல்லையும். என் பக்கம் திரும்பி மிக மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டார்: "பேராசிரியரே, உங்கள் கட்டுரையில் பேரண்டம் முழுவதும் தாவுகிறது. உங்கள் மாணவி தாவாது என்கிறார். இரண்டில் எது உங்கள் கருத்து? ஆய்வேட்டுக்கு நாம் இருவரும் சேர்ந்துதான் ஒப்புதல் தர வேண்டும்."

நான் என் கட்டுரை என்று சொன்னால் ஆய்வேடு திரும்பிப் போகும். திருத்தம், மறுபார்வை, குறைந்தது ஓராண்டு. அவளுக்கு ஜெர்மனியில் ஆய்வுப்பணி கிடைத்திருந்தது. அடுத்த மாதமே சேர வேண்டும். பட்டம் இல்லையென்றால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். மாணவி என்று சொன்னால் சாத்தூர்ப் பெரியவர் விட்ட கண்ணீருக்கு யார் பொறுப்பு?

எத்தனையோ அரங்குகளைக் கட்டிப்போட்ட நான் எழுந்து, ஆணித்தரமாகச் சொன்னேன்: "முதலில் சிற்றுண்டி."

வராந்தாவில் தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினேன். "என்னம்மா இது?" என்றேன்.

"எது சார்?"

"அந்த நடு மேடு."

"சார், அத நான் மொதல்லயே சொன்னேம்லா சார். ஒங்க ரூம்ல போர்டுல வரஞ்சே காட்டுனேன். திரும்பவும் வந்து சொன்னேன். நீங்க விருதுநகர் மீட்டிங்குக்குப் போன்ல பேசிக்கிட்டே 'நல்லாருக்கு, எழுதுங்க'ன்னீங்க."

ஐயா, உங்களையே நடுவராக வைக்கிறேன். "நல்லாருக்கு" என்பது ஒப்புதலா? அது ஒரு மூச்சு. பிறர் "ம்" என்பதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்வேன், அவ்வளவுதான். நெறியாளரின் மூச்சையெல்லாம் அறிவியல் கருத்தாக எடுத்துக்கொண்டால் ஆராய்ச்சி என்னாவது?

அவள் விடவில்லை. "இப்ப என்ன சார் செய்ய? மேடத்துகிட்டப் போயி தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிரட்டா? நீங்க சொன்னாச் சொல்லிருதேன் சார். ஆனா கணக்கு மாறாதுல்லா சார், அதான்."

கேலியாகச் சொல்லியிருந்தால் வசதியாகக் கோபப்பட்டிருப்பேன். கேலி இல்லை. கண் கலங்கியும் இல்லை. நிஜமாகவே அந்தச் சங்கடம் ஒன்றுதான் அவளுக்கு: கணக்கு மாறாது. இப்படிப்பட்டவர்களோடு எப்படி ஐயா குடித்தனம் செய்வது?

அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு நின்றேன். கேசரியும் வடையும் வைத்த தட்டை ஒருவர் என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல், அன்றைக்கென்று எடுத்தது போல. மிக்கேல். அவள் அப்பா.

"சார், பாப்பா பாஸாயிட்டாளா?"

"இன்னும் ஒரு சின்ன விஷயம் பாக்கி."

"கஷ்டமான கேள்வியோ?"

"ஆமாம்."

"அவளுக்கா சார்?"

என் வாயில் கேசரி இருந்தது. அவராகவே பேசினார்: "காலையில பஸ்ல வரையிலயே சொன்னா சார். 'நான் ஒண்ணு சொல்லப் போறேன்ப்பா, சாருக்கு வருத்தமா இருக்கும். ஆனா சார் என்னை விட்டுர மாட்டாங்க'ன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவளே சொல்லிட்டா, பொறவு எனக்கென்ன பயம்? நீங்க வடைய எடுத்துக்கிடுங்க சார், ஆறுது."

பார்த்தீர்களா, எவ்வளவு முன்னேற்பாடு! நான் விட்டுவிட மாட்டேன் என்று எனக்கே தெரிவிக்காமல் பேருந்தில் முடிவு செய்து வந்திருக்கிறார்கள். பெண் கணக்கில் மடக்கினாள். தகப்பன் வடையில் மடக்கினார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே அவர் பக்கத்தில் நின்றேன். அவரும் நின்றார். ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போனேன்.

போய் உட்கார்ந்து சொன்னேன்: "மாணவி சொன்னதே என் கருத்து. உண்மையில் அந்தத் திருத்தத்தைச் சொன்னதே நான்தான். அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன்."

மெச்சாதீர்கள், மெச்சாதீர்கள்! தியாகம் என்று மதுரைக்காரர்கள் சொல்வது சுத்தப் பொய். அது தந்திரம். அவள் என்னை மறுத்தால் நான் தோற்றவன். நானே என்னை மறுத்தால் நான் மேதை. வடை தின்று முடிப்பதற்குள் இவ்வளவு யோசித்தவன் நான்.

கேட்கர் அம்மையார் ஜெசிந்தாவைப் பார்த்தார். "அப்படியா?" அந்தப் பெண் இமை தட்டாமல் சொன்னாள்: "சார்தான் மேடம் எழுதச் சொன்னாங்க." ஒரு சொல்கூடப் பொய்யில்லை, கவனித்தீர்களா? அவளிடம் எனக்குப் பிடிக்காத குணமே இதுதான்.

"அருமை," என்றார் அம்மையார். "அப்படியென்றால் பழைய கட்டுரைக்கு நீங்களே திருத்தம் வெளியிடுவீர்கள் அல்லவா?"

இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டம் முழுவதும் என்னையே பார்த்தது. ஆவுடையப்பன் வேறு, "அதானே!" என்றார். நான் தலையசைத்தேன். பட்டம் அறிவிக்கப்பட்டது. கைதட்டல். மிக்கேல் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தே தட்டினார்.

திருத்தக் கட்டுரையை அவள் ஜெர்மனியிலிருந்து எழுதி அனுப்பினாள். நான் காற்புள்ளிகளைச் சரிபார்த்தேன். சில காற்புள்ளிகள் உண்மையிலேயே மோசமாக இருந்தன. என் பெயர் முதலில் இருக்கிறது. ஆங்கில அகரவரிசைப்படி அப்படித்தான் வரும், அதை நான் யாருக்கும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. அதன்பிறகு வந்த வினையைக் கேளுங்கள். என் பழைய கட்டுரையை இருபது ஆண்டில் படித்தவர்களை இந்த ரயில் பெட்டியில் உட்கார வைத்தாலும் பாதி இடம் மிஞ்சும். அது தவறு என்று நான் சொன்னதை உலகமே படிக்கிறது! ஜப்பானிலிருந்து கடிதம். இருபது ஆண்டு உண்மையைச் சொன்னதாக நினைத்தவனை ஒருவரும் மதிக்கவில்லை. உளறினேன் என்று ஒப்புக்கொண்டவுடன் சால்வை.

மணப்பாறை வந்துவிட்டது. முறுக்கு வேண்டுமா? வேண்டாமா? சரி.

என்ன கேட்டீர்கள்? அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று எனக்கு எப்போது தெரிந்தது என்றா?

வியாபாரி நீங்கள், சரக்கு எந்த இடத்தில் கை மாறியது என்று கேட்கிறீர்கள். திருச்சியிலும் இதைத்தான் கேட்பார்கள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சிற்றுண்டிக்கு முன்னால் பேரண்டம் மொத்தமாகத் தாவியது. சிற்றுண்டிக்குப் பின்னால் தாவவில்லை. நடுவில் நான் எந்தக் கணக்கும் போடவில்லை. இன்று வரை அவளுடைய கணக்கில் மூன்றாவது படி எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் விடுமுறையில் வந்தவள் திருச்சி நிலையத்துக்கே வந்து நிற்கிறாள். ஆகவே யோசித்துப் பாருங்கள், ஐயா: ஏறாமல் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது என்பது அவளுடைய ஆய்வின் முடிவு. நான் ஏறவில்லை. ஆனால் அந்தப் பக்கம் இருக்கிறேன். என் பழைய விளக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்? உயிரோடு, செருப்புப் போட்டுக்கொண்டு, சால்வை வாங்கப் போய்க்கொண்டிருக்கும் சான்று.

போன வாரம் போனில் அவளிடமும் இதைச் சொல்லி மடக்கினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இல்ல சார்," என்றாள். "நீங்க ஏறுனத நான் பாத்தேன்."

"எங்கே பார்த்தாய்?" என்றேன்.

"வராந்தாவுல சார். சன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அப்பா பக்கத்துல நின்னீங்கல்லா, ஒண்ணும் பேசாம. அப்பத்தான்."

என்ன அபத்தம் பாருங்கள். ஒரு முனைவர் பேசுகிற பேச்சா இது? அங்கே ஒன்றுமே நடக்கவில்லை, ஐயா. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.